பாறைமேட்டு மஞ்சள் காளான்

கூடையை மழைக்கோட்டுக்குள் முதுகுப்பக்கம் வைத்தால் கூன் விழுந்த மாதிரி இருந்தது. வயிற்றுப்பக்கம் வைத்தால் எட்டு மாதம். என்சியோ கூனே மேல் என்று முடிவு செய்து, படகுத்துறை வழியாகக் காட்டுப் பக்கம் நழுவினார்.

செப்டம்பர் பிறந்து ஏரிமேல் காலைப் பனிப்புகை படர ஆரம்பித்தாயிற்று. இன்றிரவு முதல் உறைபனி என்று வானொலி சொல்லிவிட்டது. உறைபனி விழுந்தால் மஞ்சள் காளான் கூழாகிவிடும். பறித்தால் இன்று, இல்லையேல் அடுத்த வருடம்.

காடு யாருடையதானாலும் காளான் பறித்தவருக்குத்தான் என்பது அங்கே வழக்கம். ஆகவே தன் இடத்தை வெளியே சொல்கிறவன் பைத்தியக்காரன். பாறைமேட்டில் இருந்த தன் இடத்தை என்சியோ முப்பத்தொரு வருடமாக மனைவி ஐலாவிடம்கூடச் சொன்னதில்லை. தூக்கத்தில் உளறிவிடப் போகிறோமே என்று காளான் பருவத்தில் தனியாகப் படுத்துக்கொள்கிற மனிதர் அவர்.

"எங்க கிளம்பிட்ட? முதுகுல என்ன?"

பக்கத்து வீட்டு ஓஸ்மோ. படகில் உட்கார்ந்து வலையிலிருந்து மீன் எடுத்துக்கொண்டிருந்தார்.

என்சியோவுக்கு வாயில் வந்தது நாய்தான். மைத்துனி ஸ்பெயினுக்குப் போகும்போது விட்டுச் சென்ற குட்டைக்கால் நாய் முஸ்டிக்கா காணாமல் போய்விட்டதாகவும், தேடப் போவதாகவும் சொன்னார்.

"கோட்டுக்குள்ள கூடை தெரியுதே, அது எதுக்கு?"

"கிடைச்சா தூக்கிட்டு வரணும்ல. அதுக்குக் கால் வலிக்கும்."

இதோடு விட்டிருந்தால் ஓஸ்மோ நல்லவர். அவரோ ரொம்ப நல்லவர். உடனே வேட்டைச் சங்கத் தலைவி சில்விக்குப் போன் போட்டுவிட்டார்.

என்சியோ வீட்டுக்கு ஓடினார். முஸ்டிக்கா வாசற்படியில் மல்லாந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அதைத் தூக்கி, கையில் கிடைத்த கொத்துக்கறி அடைத்த சாசேஜ் குழலோடு, நீராவிக் குளியலுக்கான சவுனா அறைக்குள் போட்டுக் கதவைச் சாத்தினார். திரும்பினால் முற்றத்தில் இருபத்திரண்டு பேர். கடமான் வேட்டைக்குப் போடுகிற ஆரஞ்சு அங்கி, தொப்பி, கையில் காப்பி ஃபிளாஸ்க். ஊரே கல்யாணத்துக்கு வந்ததுபோல் உற்சாகமாக நின்றது.

நாயைக் கடைசியாக எங்கே பார்த்தது என்று சில்வி கேட்டார். பாறைமேட்டுக்கு நேர் எதிர்த்திசையில் இருந்த சதுப்பைக் காட்டினார் என்சியோ.

"குட்டைக்கால் நாய் சதுப்புக்குள்ள போகாது. ஈரமில்லாத இடமாப் பார்த்து மேட்டுக்குத்தான் ஏறும்" என்றார் சில்வி.

என்சியோ விடவில்லை. இந்த நாய் அப்படியில்லை, இதற்குச் சேறு என்றால் உயிர் என்று அடித்துச் சொன்னார். சில்வி கொஞ்சம் யோசித்தார். அப்படியானால் கடமானை ஓட்டுகிற மாதிரியே செய்துவிடலாம், சதுப்பில் வரிசை கட்டி ஆரம்பித்து, ஒருவர் விடாமல் பாறைமேட்டில் போய் முடிப்போம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். முதலிலேயே மேட்டுக்கு விட்டிருந்தால் நாலைந்து பேர்தான் போயிருப்பார்கள். இப்போது நாற்பத்துநாலு பூட்ஸ்.

"நாய்க்காரர் நடுவுல நில்லுங்க."

என்சியோவுக்குப் பக்கத்தில் ஒரு புதியவர் நின்றார். ஹெல்சிங்கியில் டிராம் ஓட்டி ஓய்வுபெற்று, போன வாரம்தான் ஏரிக்கரையில் குடிவந்தவர். பெயர் சொல்லிக்கொள்ளக்கூட நேரமில்லை. விசில் ஊதியதும் வரிசை நகர்ந்தது.

வரிசையைத் திருப்பிவிட எண்ணி, குரைப்புச் சத்தம் கேட்டதாக என்சியோ கையை ஏரிப்பக்கம் நீட்டினார். காற்றும் அந்தப் பக்கமிருந்துதான் அடித்தது. அங்கே, குழல் தீர்ந்துபோன முஸ்டிக்கா சவுனாவுக்குள்ளிருந்து நிஜமாகவே ஊளையிட்டது. சத்தம் பாறையில் மோதித் திரும்பி மேட்டிலிருந்து வருவதுபோல் கேட்க, இருபத்திரண்டு பேரும் சந்தேகமின்றி மேட்டுக்கே ஓட ஆரம்பித்தார்கள்.

ஐம்பத்தெட்டு வயதில் என்சியோ அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை. எல்லோருக்கும் முன்னால் மேட்டில் ஏறினார். பாசிமேல், வெண்ணெயை உருட்டிப் போட்டதுபோல் மஞ்சள் மஞ்சளாகக் கூட்டம் கூட்டமாகக் காளான்கள். அவருக்கு அழுகையே வந்துவிட்டது. மழைக்கோட்டைக் கழற்றி அவற்றின்மேல் விரித்தார். போதாத இடத்தில் கூடையைக் கவிழ்த்தார். அதற்கும் போதாத இடத்தில், எதையும் நசுக்காமல் காலை அகட்டி உட்கார்ந்து, கணுக்கால் சுளுக்கிவிட்டதாக முனகினார்.

வரிசை வந்தது. பத்தடி தூரத்தில் சில்வி கையை உயர்த்தினார். ஒரு வார்த்தை பேசாமல் வரிசை இரண்டாகப் பிரிந்து, அவரைச் சுற்றிக்கொண்டு அந்தப்பக்கம் போய் மறுபடி ஒன்றாகச் சேர்ந்தது. ஓஸ்மோ ஆகாயத்தைப் பார்த்தபடியே கடந்து போனார்.

ஜெயித்தாயிற்று. என்சியோவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சுளுக்குக்காரன் சிரிக்கக் கூடாதே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

புதியவர் மட்டும் நின்றார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அவர் காதருகே குனிந்தார்.

"சார், மெதுவா எந்திரிங்க, மிதிச்சுடாதீங்க. இது யாரோ என்சியோன்னு ஒருத்தரோட காளான் இடமாம், நான் குடிவந்த அன்னைக்கே சொல்லிட்டாங்க. ஆனா அவர்கிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதீங்க. பாவம், யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சுட்டு இருக்காராம்."