பூட்டுக்குள் ஒரு சோப்பு

மூன்றாவது சோப்பும் காணாமல் போன அன்று, மேனேஜர் ராயப்பராஜ் முதியோர் விடுதியின் கிணற்றடியில் இடுப்பில் கைவைத்து நின்றார். சோப்பு வைத்த கல் ஈரமாக இருந்தது. சோப்பு இல்லை.

"சோலையம்மா, காலையில வச்ச சோப்பு எங்க?"

சமையல்காரி சோலையம்மாள் அடுப்படியை விட்டு நகரவில்லை. "அதை என்ன வெஞ்சனமா வச்சு இறக்கிட்டேனா? எனக்குத் தெரியாதுங்கய்யா."

1961-ஆம் வருஷம், ஆடிக் காற்று தெருப்புழுதியை எல்லாம் வீட்டுக்குள் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்த நேரம். திண்டுக்கல்லில் தோல் கிடங்கு வைத்துச் சம்பாதித்த முதலாளி ஒருவர், தம் தாயார் பேரில் எழுதிவைத்த ஓட்டு வீடுதான் அந்த விடுதி. உள்ளே பதினோரு பேர். பெற்ற பிள்ளை இல்லாதவர்கள் பாதி, இருந்தும் இல்லாதவர்கள் மீதி. விடுதியின் மதிற்சுவர் குட்டையானது. ஆகையால் அங்கே நடப்பது எதுவும் எங்கள் தெருவுக்குத் தெரியாமல் நடந்ததில்லை.

சோப்புக்கு ஏன் அப்படி ஒரு கிராக்கி வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனி கடைசியில் ராயப்பராஜ் சித்தையன்கோட்டைக்கு, மாதா கோயிலில் ஒரு பிள்ளை முதல்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்துக்குப் போனார். இரண்டு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். திரும்பி வந்து இரண்டு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலைந்தார். சுக்குக் கஷாயத்தில் சரியாகிவிட்டது.

"மனசுல தெம்பு இருந்தா வயிறு சொன்ன பேச்சைக் கேக்கும்," என்று விடுதியில் எல்லாருக்கும் புத்தி சொன்னார்.

புத்தி கேட்டவர்களில் மூன்று பேருக்கு மறுவாரமே வயிறு பேச்சைக் கேட்கவில்லை. சொம்பும் கையுமாக ஓடினார்கள். கண் தெரியாத ஜெய்தூன் பீவிதான் ரொம்ப வாடிப்போனார்.

முனிசிபாலிட்டி சானிட்டரி இன்ஸ்பெக்டர் கருப்புசாமி வந்தார். கிணற்றில் மருந்துப் பொடி போட்டார். அடுப்படியைப் பார்த்தார். பானைகளை மோந்தார்.

"தண்ணி நல்லாருக்கு. சோறும் நல்லாருக்கு. கைதான் சரியில்ல," என்றார். "கக்கூசுக்குப் போய்ட்டு வந்தா சோப்பு, சாப்பிட உக்காரும் முன்னாடி சோப்பு. இன்னும் ஒரு மாசத்துல இது நிக்கலைன்னா நான் வீட்டைப் பூட்டணும். எனக்கு வேற வழி இல்ல."

"பூட்டுனா இவுக எங்க போவாக?" என்றார் ராயப்பராஜ்.

இன்ஸ்பெக்டர் சைக்கிளை எடுத்தார்.

ராயப்பராஜ் நல்லவர். அதை நாங்களே ஒப்புக்கொள்வோம், சுலபத்தில் யாரையும் ஒப்புக்கொள்கிறவர்கள் இல்லை என்றாலும். அன்று சாயங்காலமே தன் கைக்காசில் சிவப்பு சோப்பு வாங்கி வந்தார். அது அன்றைக்கே போயிற்று. இரண்டாவதைத் தேங்காய் நார்ப் பையில் போட்டுக் கிணற்றடித் தூணில் கட்டினார். சோலையம்மாள் அந்தப் பையோடு சேர்த்தே சட்டி தேய்த்தாள். ஒரே நாளில் சோப்பு கரைந்து நார் மட்டும் தொங்கியது. இப்போது மூன்றாவதும் போய்விட்டது.

"நம்ம ஆளுதான் எடுத்திருக்கான்," என்று அவர் பார்வை ஒச்சப்பன் மேல் போயிற்று.

ஒச்சப்பன் ஒட்டன்சத்திரம் சந்தையில் நாற்பது வருஷம் மூட்டை தூக்கியவர். இடுப்பு விட்டுப்போய் இங்கே வந்தார். சோப்பைத் தொட மாட்டார். அடுப்புச் சாம்பலை அள்ளிக்கொண்டுபோய் முழங்கை வரைக்கும் பரபரவென்று தேய்த்துக் கழுவுவார். நாள் முழுக்க அதே வேலை.

"சாம்பல்ல கழுவுற ஆளுக்குச் சோப்பு எதுக்கு? விக்கிறதுக்கா?" என்றார் ராயப்பராஜ்.

ஒச்சப்பன் விரலால் மேலே காட்டினார். வேப்பமரத்து உச்சிக்கிளையில் ஒரு காக்கை, சிவப்பாக எதையோ கொத்திக்கொண்டிருந்தது.

"அதுக்கிட்டக் கேளுங்க. அதுவும் கை கழுவப் போகுதுபோல."

அவமானம் ஒரு பக்கம் இருக்கட்டும், சோப்பைக் காப்பாற்றியாக வேண்டும். திண்டுக்கல்காரருக்கு ஒரு பொருளைக் காப்பாற்றுவதற்கு ஒரே ஒரு வழிதான் தோன்றும். ராயப்பராஜ் கடைவீதிக்குப் போய், உள்ளங்கை அகலத்துக்குப் பித்தளைப் பூட்டு ஒன்று வாங்கி வந்தார். நெல் மூட்டை வைக்கிற அறைக்குப் போடவேண்டிய பூட்டு. அதை ஒரு சின்ன மரப்பெட்டிக்குப் போட்டு, அதற்குள் நாலாவது சோப்பை வைத்தார். சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார்.

இனி யார் கை கழுவ வேண்டுமென்றாலும் அவரைத் தேட வேண்டும். அவர் விடுதியில்தான் இருப்பார், ஆனால் ஓரிடத்தில் இருக்க மாட்டார். காலையில் முதல் வேலையாகக் கக்கூஸ் கதவுகளை ஒவ்வொன்றாகத் தள்ளி, தாழ்ப்பாளை ஆட்டி, பீங்கானில் பினாயில் ஊற்றியிருக்கிறதா என்று மூடியைத் தூக்கிப் பார்ப்பார். பிறகு கட்டில் கட்டிலாகப் போவார். அழுக்குத் துணியை உருவிப் போடுவார். நடுநடுவே வேட்டி மடிப்பிலிருந்து பொடி மட்டையை எடுத்து ஒரு சிட்டிகை இழுத்துக்கொள்வார்.

"தம்பி, செத்த பெட்டியத் தொறந்து விடுங்களேன்," என்று கிழவர்கள் பின்னாலேயே நடந்தார்கள். நடக்க முடியாதவர்கள் கை கழுவுவதையே விட்டுவிட்டார்கள். அந்த வாரம் நாலு பேர் படுத்தார்கள்.

ராயப்பராஜுக்கு ராத்தூக்கம் போயிற்று. யோசித்து ஒரு சட்டம் கொண்டுவந்தார். சாப்பாட்டு மணி அடித்ததும் எல்லாரும் கிணற்றடியில் வரிசையாக நிற்க வேண்டும். அவரே பெட்டியைத் திறப்பார், அவரே சோப்புக் கொடுப்பார். கழுவியவர்கள் ஒவ்வொருவராக அவரிடம் வந்து கையைக் காட்டிவிட்டு, நேராக இலைக்குப் போக வேண்டும்.

பொடி போட்ட மூக்குக்குச் சோப்பு வாசம் சுலபத்தில் எட்டாது. ஆகவே அவர் ஒவ்வொரு கையையும் தன் இரண்டு கையாலும் பிடித்து, திருப்பி, விரல்களை விரித்து, மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிதானமாக மோந்து பார்ப்பார். "ம், போங்க" என்பார். சந்தேகம் இருந்தால் இரண்டாம் தடவை.

மதிற்சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவர்களுக்குக் கண் கலங்கிவிட்டது. பெற்ற மகன்கூட இப்படிப் பார்க்க மாட்டான் என்றார்கள்.

ஒச்சப்பன் மட்டும் கையை நீட்டவில்லை.

"எம் பொஞ்சாதி பிடிச்ச கை இது. ஆம்பளை மோந்து பாக்குறதுக்கு நான் என்ன தாழம்பூவா?"

"அப்ப உங்களுக்குச் சோறு தனியா."

"வையுங்க தனியா."

அந்த வாரம் ஆறு பேர் படுத்தார்கள். ராயப்பராஜ் சோதனையை இரண்டு வேளையிலிருந்து மூன்று வேளையாக்கினார். மறுவாரம் ஒன்பது பேர். சாயங்காலக் காப்பித்தண்ணிக்கும் ஒரு சோதனை வைத்தார். ஜெய்தூன் பீவிக்கு மூன்றாந்தடவையும் வந்தது. கையிலிருந்த கண்ணாடி வளையல் முழங்கைக்கு மேலே ஏறி நின்றது.

"அம்மா, இன்னிக்கி நல்லாக் கழுவுனீங்களா?" ராயப்பராஜ் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"கழுவுனேன் தம்பி. ரெண்டு வாட்டி கழுவுனேன்." வேறு ஏதோ சொல்ல வந்தவர்போல ராயப்பராஜின் கையைத் தடவினார். பிறகு, "நீங்க மனசை விடாதீங்க," என்று மட்டும் சொன்னார்.

இத்தனைக்கும் நடுவில் ஒச்சப்பனுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. அதுவே போதாதா? வியாதியைப் பரப்புகிறவனுக்கு வியாதி வராது என்று எங்கள் தெருவே தீர்ப்புச் சொல்லிவிட்டது. ராயப்பராஜ் அவர் கட்டிலை மாட்டுக் கொட்டகைக்கு மாற்றினார். போகும்போது ஒச்சப்பன் ஒரு கொட்டாங்கச்சி நிறையச் சாம்பலை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

மாசம் முடிந்த அன்று கருப்புசாமி வந்தார். கையில் காகிதம், சைக்கிள் கேரியரில் முனிசிபாலிட்டி பூட்டு. எழுந்து உட்கார முடிந்தவர்கள் எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். சிலர் துணிமூட்டையைக் கட்டி மடியில் வைத்திருந்தார்கள். ஜெய்தூன் பீவிக்குப் பேகம்பூரில் ஒரு தூரத்துச் சொந்தம் உண்டு. அந்த வீட்டு வாசலில் எத்தனை படி என்று சோலையம்மாளிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அய்யா, நான் செய்யாதது ஒண்ணுமில்ல," என்றார் ராயப்பராஜ். "ஒரு நாளைக்கு நாலு வேளை. ஒவ்வொரு கையா நானே பிடிச்சுப் பாத்துத்தான் சோத்துக்கு அனுப்புறேன். ஒரே ஒருத்தர்தான் அடங்க மாட்டேங்கிறாரு. அவரைக் கொட்டகையில போட்டாச்சு."

"அவரைப் பிரிச்சு எத்தனை நாளாச்சு?"

"எட்டு நாள்."

"அதுக்குப் பெறகும் மூணு பேரு படுத்திருக்காங்களே?"

ராயப்பராஜ் பொடி மட்டையை எடுத்தார். போடாமல் திரும்ப மடித்து வைத்தார்.

கருப்புசாமி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எனக்கும் இதைப் பூட்ட ஆசையில்ல. எங்க தப்புன்னு தெரிஞ்சாப் போதும், காகிதத்தைக் கிழிச்சுப் போட்டுட்டுப் போயிடுவேன். இந்த வீட்டுல கழுவாத கை ஒண்ணு இருக்கு. யாரு கைன்னு யாருக்காச்சும் தெரியுமா?"

எல்லார் தலையும் கொட்டகைப் பக்கம் திரும்பியது. அங்கே ஒச்சப்பன் சாம்பலைத் தண்ணீரில் குழைத்துக்கொண்டிருந்தார்.

தலையைத் திருப்பாமல் இருந்தவர் ஜெய்தூன் பீவி ஒருவர்தான். அவர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். தொண்டையைச் செருமினார். ராயப்பராஜ் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று தெரிந்தோ தெரியாமலோ, நேராக அவர் முகத்துக்கே சொன்னார்:

"குத்தமா நெனைக்காதீங்க தம்பி, எனக்குக் கண்ணுதான் இல்ல, மூக்கு இருக்கு, தெனம் நாலு வேளை எங்க கையெல்லாம் பிடிச்சு மோந்து பாத்தீங்களே, உங்க கை ஒரு நாளும் சோப்பு மணந்ததில்ல."