உன் மாமா உடைத்த நாலு நிமிஷம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உன் மாமாவின் இரண்டு முட்டிகளைத் தவிர இங்கே எல்லோரும் நலம். அவர் பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய ஓட்டப் பயிற்சி ஷூவும் ஸ்டாப்வாட்சும் எட்டு மாதம் முன்பே வந்து சேர்ந்துவிட்டன. அன்றே நன்றி சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்ல வாய் வரவில்லை.

நடந்ததைக் கேள். அவருடைய நாற்காலிக் கம்பெனியில் மேனேஜர் விற்பனை ஆட்களைக் கூட்டி வைத்து ஒரு கதை சொல்லியிருக்கிறார். ஒரு மைலை நாலு நிமிஷத்துக்குள் மனிதனால் ஓடவே முடியாது என்று உலகம் நம்பியதாம், ஒருவர் ஓடிக் காட்டினாராம், பின்னாலேயே இன்னும் பலர் ஓடினார்களாம், ஆகவே தடை என்பது மனசில்தான் இருக்கிறதாம், ஆகவே இந்த வருஷம் எல்லோரும் கூடுதலாக நாற்காலி விற்க வேண்டுமாம். அந்த இரண்டாவது 'ஆகவே' எங்கிருந்து குதித்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கொட்டாவியை மறைத்துக்கொண்டு கைதட்டினார்கள். உன் மாமா மட்டும் எழுந்து நின்று, "அப்ப நானும் ஓடலாமா சார்?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார்.

எங்கள் சாப்பாட்டு மேசையிலிருந்து பாத்திரம் கழுவும் தொட்டி பத்தடி இருக்கும். கல்யாணம் ஆனதிலிருந்து தட்டோடு அந்தப் பத்தடியை அவர் கடந்ததில்லை. "அந்தத் தடையும் மனசுலதானே இருக்கு?" என்றேன். "நீ எதையும் நெகட்டிவாவே பாக்கற" என்று சொல்லி ஷூ கயிற்றைக் கட்டினார். கட்டி முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது.

ஓட இடம் தேடி, ஊருக்கு வெளியே பெரிய சாலையைப் பிடித்தார். ஒரு மைல்கல்லில் தொடங்கி அடுத்த மைல்கல் வரை ஒரு மைல். கணக்கு சுலபம். நான் ஸ்கூட்டரில் பக்கத்திலேயே ஊர்ந்தபடி நேரம் பார்க்க வேண்டும். "நீ மட்டும்தான் எனக்காகப் பொய் சொல்ல மாட்ட" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் என்னைப் பாராட்டியது அது ஒன்றுதான். அதுவும் வேலை வாங்கத்தான். முதல் நாள் லாரிக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, "சார ஆஸ்பத்திரில விட்டுடட்டுமாம்மா?" என்று கேட்டார். ஆனாலும் மாதத்துக்கு மாதம் நேரம் குறைந்துகொண்டே வந்தது. போன ஞாயிற்றுக்கிழமை நாலு நிமிஷத்துக்கு இரண்டு விநாடி குறைவு.

"உடைச்சுட்டேன்!" என்று அலறினார்.

"ஐயோ, எந்த முட்டிங்க?" என்று நானும் அலறினேன்.

அவர் புல்லில் விழுந்து தேம்பினார். நான் ஸ்கூட்டரை நிறுத்தி இறங்கி, கல்லின்மேல் கையை ஊன்றினேன். கையெல்லாம் தூசி. கைக்குட்டையால் கல்லைத் துடைத்தேன். எண்ணுக்குக் கீழே தெளிவாக 'கி.மீ.' என்றிருந்தது.

தம்பி, நாம் எல்லோரும் அதை மைல்கல் என்றுதானே சொல்கிறோம்? கல்லுக்குப் பேர்தான் மைல். கல் காட்டுவது கிலோமீட்டர். மைலுக்கு இன்னும் அறுநூறு மீட்டர் பாக்கி. அவர் அழுவதைப் பார்த்தபடி கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமையே மேனேஜர் அவர் படத்தைப் பெரிதாக்கி மாட்டிவிட்டார். கீழே, 'நம்ம ஆள் உடைச்சுட்டார். நீங்க?' என்று எழுதி, எல்லோருடைய விற்பனை இலக்கையும் ஒன்றரை மடங்கு ஆக்கிவிட்டார். எட்டாதவர்களுக்கு வேலை இல்லை. பக்கத்து இருக்கைக்காரர் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டார். "உங்களுக்கென்ன சார், ஓடிட்டீங்க. நாங்க எங்க ஓடுறது?" என்றாராம்.

பொறுக்காமல் மேனேஜருக்கு போன் செய்து உண்மையைச் சொன்னேன். "அறுநூறு மீட்டரெல்லாம் ஒரு விஷயமா மேடம்? போஸ்டர் அடிச்சாச்சு" என்றார்.

வரும் சனிக்கிழமை கம்பெனி ஆண்டுவிழா. மேடையேறி நேரத்தைச் சொல்ல வேண்டியவள் நான். உண்மையைச் சொன்னால் இந்த மனிதர் நொறுங்கிப் போவார். சொல்லாவிட்டால் அந்த விற்பனை ஆட்கள் நொறுங்கிப் போவார்கள். ஷூ அனுப்பியவன் நீ. உடனே புறப்பட்டு வந்து உன் வாயால் நீயே அவரிடம் சொல்லிவிட்டு, ஷூவையும் எடுத்துக்கொண்டு போ.

உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு. உங்கள் வீட்டில் யாருக்கும் எந்தத் தடையையும் உடைக்கத் தோன்றாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
அக்கா

பி.கு.: நீ வர வேண்டாம். உறையை ஒட்டும்போது அவர் வந்துவிட்டார். மனசு கேட்காமல் சொல்லிவிட்டேன்.

"தெரியும்" என்றார். "நீ கல்லத் துடைச்சப்ப உன் மூஞ்சியப் பாத்தேன். நீ ஸ்கூட்டர எடுக்கப் போனப்ப எழுந்து வந்து கல்லையும் பாத்தேன்."

"அப்புறம் ஏங்க வாயத் திறக்கல?"

"நீயே சொல்லல, நான் எதுக்குச் சொல்லணும்னு இருந்தேன். போஸ்டரப் பாத்தப்புறம்தான் உறுத்துச்சு. சனிக்கிழமை மேடையில நானே சொல்லிடறேன். 'கிலோமீட்டர மைல்னு வச்சுக்கிட்டுதான் சார் நான் உடைச்சேன். எங்க இலக்கையும் அதே கல்ல வச்சு அளந்துடுங்க.'"

சொல்லிவிட்டு, காபி குடித்த டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். பத்தடியையும் நடந்து, தொட்டிக்குள் டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

கழுவவில்லை. அங்கேயும் அறுநூறு மீட்டர் பாக்கி.