மாஸ்டரின் கால் கட்டைவிரல்

காலையில் வந்த மாணவரும் வண்டியில் ஏறியதும் முதல் வேலையாக ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"ஏன் சார், சட்டையெல்லாம் நனையுதே?" என்றார் மாஸ்டர்.

"பரவாயில்ல மாஸ்டர், கொஞ்சம் காத்து வரட்டும்." தலையைப் பாதி வெளியே நீட்டியபடியே அவர் கியரைத் தேடினார்.

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டருக்கு விஷயம் புரியாமல் இல்லை. வாய் நாற்றம். பல்லை எவ்வளவு தேய்த்தாலும், நாக்கை எவ்வளவு வழித்தாலும் அது போவதாக இல்லை. கறி, மீன், முட்டை, வெண்ணெய் தவிர வேறு எதையும் தொடுவதில்லை என்று அவர் பிடிவாதமாக இருக்க ஆரம்பித்ததிலிருந்து வந்த வினை.

இதில் அவரை இறக்கிவிட்டவன் மனைவியின் தம்பி. சீட் பெல்ட்டைப் போட்டால் மாஸ்டருக்கு மூச்சு முட்டுவதைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "மாமா, சோறு, பருப்பு, காய், பழம் எல்லாத்துக்கும் ஒரு கும்பிடு போடுங்க. கறி மட்டும் தின்னுங்க. என்னைப் பாருங்க, எப்படி இருக்கேன்?"

மாஸ்டர் பார்த்தார். கம்பி மாதிரிதான் இருந்தான்.

தொப்பை உண்மையிலேயே கரைந்தது. சீட் பெல்ட் சொன்னபடி கேட்டது. மாஸ்டர் நன்றி மறக்காத மனிதர். "மச்சான், நீ எனக்கு மறுபிறவி குடுத்திருக்கே," என்று போனில் தழுதழுத்தார்.

மனைவி மட்டும், "ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டிட்டுச் சாப்பிடுங்களேன்," என்றாள்.

டாக்டர் என்ற சொல்லைக் கேட்டாலே மாஸ்டருக்குப் பயம். "அங்க போனா இல்லாத வியாதிக்கெல்லாம் பேர் வச்சு அனுப்புவாங்க," என்றார். அவளும் அவர் சொன்னதைச் சமைத்துப் போட்டாள். இப்படி ஒரு மனைவி அமைய என்ன புண்ணியம் செய்தோமோ என்று அவர் அடிக்கடி நெகிழ்ந்துபோவார்.

நாற்றத்துக்கு ஏலக்காய் மெல்லலாமா என்று மச்சானிடம் கேட்டார்.

"ஏலக்காய் செடியில காய்க்கிறது மாமா. எல்லாம் கெட்டுப்போயிரும். எலும்பு சூப் குடிங்க."

குடித்தார். நாற்றம் போகவில்லை, கூடவே மலச்சிக்கலும் வந்து உட்கார்ந்துகொண்டது. காலையில் குளியலறைக்குள் போனால், வெளியே மகள் கல்லூரிக்கு நேரமாகிவிட்டது என்று கதவைத் தட்டிக்கொண்டே இருப்பாள்.

"கொழுப்பு பத்தல மாமா. வெண்ணெயைக் கூட்டுங்க."

கூட்டினார். சிக்கல் ஒரேயடியாகத் தீர்ந்தது. மறுநாள் நடுச்சாலையில், ஒரு வங்கி மேலாளர் மூன்றாவது கியருக்கு மாறிக்கொண்டிருந்தபோது, மாஸ்டர் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஓரங்கட்டுங்க, ஓரங்கட்டுங்க," என்று பதறி, பெட்ரோல் பங்க்கை நோக்கி ஓடினார். அதன்பிறகு அவருடைய மாணவர்கள் ஊரிலுள்ள அத்தனை பெட்ரோல் பங்க்குகளுக்கும் வழி கற்றுக்கொண்டார்கள்.

இத்தனைக்கும் நடுவில் முகம் சுளிக்காமல் வந்துகொண்டிருந்தவர் ஒரே ஒரு மாணவிதான். மாஸ்டரின் மனைவிக்குத் தெரிந்தவர், நாற்பது வயதிருக்கும். எந்தப் பக்கம் திரும்பச் சொன்னாலும் வலது பக்கமே திரும்புவதால் அவருக்கு மாஸ்டர் வைத்த பெயர் ரைட்டம்மா. ஒவ்வொரு வகுப்பிலும் சந்திப்பில் வலது பக்கம் ஒடித்து, ஆஸ்பத்திரித் தெருவில்தான் கொண்டுபோய் நிறுத்துவார்.

"லெஃப்ட்னுதானே சொன்னேன்?"

"மன்னிச்சிருங்க மாஸ்டர், கை தானா திரும்பிருது. அதிருக்கட்டும், ராத்திரி தூங்கினீங்களா? முகம் வாடியிருக்கே."

மாஸ்டர் உருகிப்போவார். இன்றைய உலகத்தில் யார் யாரை இப்படி விசாரிக்கிறார்கள்? வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு, தூக்கம், வயிறு, தலைசுற்றல் என்று ஒன்று விடாமல் ஒப்பிப்பார். ரைட்டம்மா கண்களை எடுக்காமல் கேட்பார். கடைசியில் ஓர் ஆரஞ்சுப் பழத்தை நீட்டுவார். மாஸ்டர் ஏதோ பாம்பைக் கண்டதுபோல் பின்வாங்குவார்.

"உள்ள போய் ஒரு பிளட் டெஸ்ட் எடுத்தாத்தான் என்ன மாஸ்டர்? வாசல்லயே வந்து நிக்கிறோம்."

"முதல்ல ரிவர்ஸ் கியரக் கத்துக்குங்கம்மா. அப்புறம் எனக்கு வைத்தியம் பாக்கலாம்."

வயிற்றுப்போக்கு நிற்க, வெண்ணெயை விட்டுவிட்டு ஈரலுக்கு மாறச் சொன்னான் மச்சான். "அதுலதான் மாமா அத்தனை சத்தும் இருக்கு." காலையில் ஈரல், மதியம் ஈரல், இரவில் சிறுநீரகம் என்று மாஸ்டர் ஒரு கை பார்த்தார்.

பிறகு ஒரு நாள் விடிந்தபோது வலது கால் கட்டைவிரல் தக்காளி போல் சிவந்து வீங்கியிருந்தது. போர்வை பட்டால்கூட உயிர் போனது. ஷூவுக்குள் கால் நுழையவில்லை. மனைவியின் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு நொண்டியபடி வகுப்புக்கு வந்தார்.

முதல் வகுப்பே ரைட்டம்மாவுக்கு. அவர் மாஸ்டரின் காலைப் பார்த்தார். மாஸ்டர் அதைச் சீட்டுக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"கல்லுல இடிச்சிக்கிட்டேன். நீங்க ரோட்டப் பாருங்க."

கடைத்தெரு முனையில், நின்றிருந்த பேருந்துக்குப் பின்னாலிருந்து தள்ளுவண்டியோடு ஒரு பெண் குறுக்கே வந்தார். அதில் ஒரு குழந்தை. மாஸ்டர் தம் பக்கத்துத் தனி பிரேக்கை அழுத்தப் பாய்ந்தார். விரல் பட்டதும் கண் இருட்டியது. கால் தானாகவே பின்னுக்கு வந்துவிட்டது.

ஆனாலும் வண்டி நின்றது. குலுக்கலே இல்லாமல், வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் நின்றது. ரைட்டம்மாதான் மிதித்திருந்தார். குழந்தை ஒரு கையை ஆட்டிக்கொண்டே கடந்து போனது.

மாஸ்டர் குனிந்து தம் வீங்கிய காலைப் பார்த்தார். இந்தக் காலை நம்பித்தானே ஊர்ப் பிள்ளைகளை நடுச்சாலைக்கு அழைத்து வருகிறோம் என்று நினைத்தபோது கண்ணீரே வந்துவிட்டது.

"அம்மா," என்றார் மெதுவாக, "என்னை எங்கயாவது கூட்டிக்கிட்டுப் போங்க. டாக்டர்னாலும் சரி."

ரைட்டம்மா கியரை மாற்றினார். நெரிசலில் புகுந்து, வளைந்து, ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து, இரண்டு வண்டிகளுக்கு நடுவிலிருந்த சந்தில் ஒரே மூச்சில் ரிவர்ஸ் எடுத்து நிறுத்தினார். அந்த வலியிலும் மாஸ்டருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. என்னதான் இருந்தாலும் கற்றுக்கொடுத்தவன் யார்?

உள்ளே ஊசி போட்டார்கள், இரத்தம் எடுத்தார்கள். விரலை வீங்க வைத்த யூரிக் ஆசிட் தலைக்கு மேல் போயிருந்தது; கொழுப்பும் அதற்குச் சளைக்கவில்லை. "இப்பவாவது வந்தீங்களே, சரி பண்ணிரலாம்," என்றாள் நர்ஸ். "காய், பழம், பருப்பு எல்லாம் சாப்பிடுங்க. நிறையத் தண்ணி குடிங்க. ஈரல் பக்கமே போகாதீங்க."

மாஸ்டர் மச்சானுக்குப் போன் போட்டுச் சொன்னார்.

"நான் வெறும் கறி திங்கிறத விட்டு ரொம்ப நாள் ஆச்சே மாமா. வயித்துக்கு ஒத்துக்கல. உங்ககிட்ட சொல்லலியா?"

மாஸ்டருக்குக் கோபம்கூட வரவில்லை. மனைவி ஓடி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஆரஞ்சுச் சுளையை வாயில் வைத்தாள். இத்தனை நாள் கழித்து நாக்கில் பட்ட அந்தப் புளிப்பும் இனிப்பும் அவரை என்னவோ செய்தது. வலி அடங்கிவந்தது. உயிரோடு இருப்பதே பெரிய உபகாரம் என்று தோன்றியது.

"இவங்க மட்டும் இல்லேன்னா இன்னிக்கு ஒரு குழந்தையோட உயிர் போயிருக்கும்," என்று மனைவியிடம் ரைட்டம்மாவைக் காட்டினார். "லெஃப்ட் எது, ரைட் எதுன்னு தெரியாம வந்தவங்க. இன்னிக்கு ரிவர்ஸ் எடுத்ததப் பாத்திருக்கணும் நீ. அம்மா, எனக்குத் தெரிஞ்ச வித்தை அவ்வளவுதான், எல்லாத்தையும் நீங்க கத்துக்கிட்டீங்க. நாளைக்கே உங்களை லைசென்ஸ் டெஸ்ட்டுக்கு அனுப்புறேன்."

மனைவி ரைட்டம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கண் கலங்கினாள். ரைட்டம்மா அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். மூன்றாம் மனுஷியிடம் இவளுக்கு எவ்வளவு நன்றி என்று மாஸ்டர் உள்ளுக்குள் பூரித்துப்போனார்.

அப்போது வாசல் காவலாளி கதவை லேசாகத் திறந்து எட்டிப் பார்த்து ரைட்டம்மாவுக்கு ஒரு சலாம் போட்டார்.

"டாக்டரம்மா, இன்னிக்கும் உங்க காரை அந்த டிரைவிங் ஸ்கூலுக்குப் பின்தெருவுலயே விட்டுட்டு வந்துட்டீங்களா? சாவியக் குடுங்க, போய் எடுத்துட்டு வரேன்."