வெளிநாட்டு வங்கிக்குப் பத்துக்குப் பத்து

காமயகவுண்டன்பட்டி,
வாய்க்காலுக்குக் கிழக்கே.
சனிக்கிழமை மத்தியானம்.

வடுகபட்டியில் இருக்கும் தம்பி முத்துப்பாண்டிக்கு அக்கா பஞ்சம்மாளின் ஆசீர்வாதம். உன் வீட்டில் பெரியவர் சிறியவர் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும் என்று அம்மனைக் கேட்டுக்கொள்கிறேன், உன் பெண்டாட்டி உட்பட.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு வாசலில் இருந்தவர்கள் இவர்கள்: நான், பிளாஸ்டிக் நாற்காலியில் உன் மச்சான் சின்னக்கருப்பு, மருமகள் முனீஸ்வரி, போனும் கையுமாகப் பேரன் சுரேஷ்கண்ணன், எதிர்வீட்டுச் சுகிர்தம், எங்கள் திராட்சையை எடுக்க வந்த கம்பம் வியாபாரி சேக் பரீத். அதற்குப் பிறகு ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக இரண்டு பெண்கள் வந்தார்கள். என் மகன் வண்டன்மேட்டில் ஏலத்தோட்டத்துக்குப் போயிருந்தான், அதனால் அவன்மேல் குற்றமில்லை. மற்ற எல்லார்மேலும் உண்டு.

இதைப் போனில் சொல்லலாமே என்று கேட்பாய். உன் மகள் சடங்குப் பத்திரிகையில் என் பெயரை உன் கொழுந்தியாள் பெயருக்குக் கீழே போட்டாயே, அன்றைக்கே சுருளி அருவியில் தலை முழுகி, இனி உன்னோடு போனில் பேசுவதில்லை என்று சொல்லிவிட்டேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. நல்லவேளை.

ஐப்பசி மழையில் எங்கள் வாய்க்கால் பாலம் போனது உனக்குத் தெரியும். அந்த இடத்தில் இரண்டு தென்னந்தடியைச் சேர்த்துக் கட்டிப் போட்டிருக்கிறோம், அதில்தான் திராட்சைப் பெட்டி போகிறது, பள்ளிக்கூடப் பிள்ளை போகிறது, கேஸ் சிலிண்டர் வருகிறது. உன் மச்சான் அதில் சறுக்கி இடுப்பை உடைத்துக்கொண்ட நாளிலிருந்து அக்கரை டீக்கடையை இக்கரையிலிருந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் பார்க்கிற பார்வையில் அந்தக் கடைக்காரனுக்கே சங்கடமாகிக் கடை வாசலை அந்தப் பக்கம் திருப்பி வைத்துவிட்டான். மனு கொடுத்த இடத்திலெல்லாம் நிதி மேலே இருந்து வர வேண்டும் என்றார்கள். இது போகட்டும், சுரேஷ்கண்ணனுக்கு முன்மண்டை தெரிய ஆரம்பித்துவிட்டது, இன்னும் ஒரு பெண் அமையவில்லை. சின்னமனூர்ப் பெண்வீட்டார் கார் தடி வரைக்கும் வந்தது, யாரும் இறங்கவில்லை, அப்படியே திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். கூடலூர்ப் பெண்ணின் பெரியம்மா பாதித் தடி வரை வந்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்துகொண்டு முன்னாலும் வரமாட்டேன் பின்னாலும் போகமாட்டேன் என்றாள், அந்த அம்மாளைத் தூக்கி இறக்கியதோடு சம்பந்தமும் இறங்கிப் போனது. பாலம் வராமல் இந்த வீட்டுக்கு ஒரு பெண் வரப்போவதில்லை. எனக்கு இருக்கிற கவலை இது ஒன்றுதான், மற்றதெல்லாம் கோபம்.

இந்த நிலைமையில்தான் உங்கள் வடுகபட்டி அனுசுயாவின் படம் வந்தது. தரகர் படத்தைக் கொடுத்துவிட்டு, "பொண்ணோட அத்தை வெவரமானவுக, ஞாயித்துக்கெழம வருவாக. பொண்ணு வீடுன்னு சொல்லிக்கிற மாட்டாக, ஏதாச்சும் ஆபீஸ் வேலையின்னு சொல்லிக்கிட்டு வந்து நாலு வார்த்தை விசாரிப்பாக. நீங்க தெரிஞ்சதாக் காட்டிக்கிறாதீக" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் தெருவில் ஒரு கட்டு உண்டு. சம்பந்தம் விசாரிக்க யார் வந்தாலும் எந்த வீட்டைப் பற்றியும் யாரும் குறை சொல்லக் கூடாது, ஜென்மப் பகையாக இருந்தாலும் சரி. சுகிர்தம் என் கோழியைக் கல்லால் அடித்தவள். அவள் மகளுக்கு மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்க வந்தபோது, தங்கமான குடும்பம் என்று நானே சொன்னேன். சொல்லிவிட்டு உள்ளே போய் வாயைக் கொப்பளித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தடியில் ஒரு பெண் வந்தாள். கழுத்தில் அட்டை, கையில் சிலேட்டு மாதிரி ஒரு டேப். சேக் பரீதின் சுமை ஆட்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்துக் கொண்டுவந்து சேர்த்தார்கள். பெயர் மகிமா என்றாள், சென்னையிலிருந்து வருகிறாளாம். "ஆபீஸ் வேலையா வந்திருக்கேன் பாட்டி, நாட்டோட வளர்ச்சி பத்தி ஜனங்க என்ன நினைக்கிறாங்கன்னு கேக்குறோம்" என்றாள். ஆபீஸ் வேலை என்ற சொல் விழுந்ததும் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "அத்தைக்கு வயசு கம்மியா இருக்கே" என்று முனீஸ்வரி என் காதைக் கடித்தாள். டவுனில் இருக்கிறவர்கள் அப்படித்தான் இருப்பார்கள், போய் முறுக்கை எடுத்து வா என்றேன்.

அடுத்து அவள், வீட்டில் இருக்கிற பெரியவர்கள் எல்லாருடைய பிறந்த நாளையும் கேட்டாள். யாருக்கு அடுத்த பிறந்த நாள் வருகிறதோ அவர்களிடம்தான் கேள்வி கேட்க வேண்டுமாம். "ஜாதகத்துக்கு அடிபோடுறாக" என்று சுகிர்தம் கண்ணைக் காட்டினாள். ஆதார் அட்டையில் எனக்கும் உன் மச்சானுக்கும் ஜனவரி ஒன்று என்று ஒரே தேதியைப் போட்டு வைத்திருக்கிறார்கள், அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் பிறந்தது சித்திரையில். நான் பங்குனி உத்திரத்துக்கு முந்தின நாள், அன்றைக்கு நம் அம்மாவுக்கு வெந்நீர் வைத்துக் கொடுக்க வராத மேலவீட்டாரோடு இன்றைக்கும் எனக்குப் பேச்சு கிடையாது. இதையும் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். இப்போது மாசி என்பதால் ஆள் நான்தான் என்று ஆகிவிட்டது. பையனை விட்டுவிட்டுப் பாட்டியைக் கேட்கிறாளே, ஆயுசு கெட்டியான குடும்பமா என்று பார்க்கிறாள் போல என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"ரோடு பாலம், குடிதண்ணி, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், வேலைவாய்ப்பு, இதுல நாட்டுக்கு மொதல்ல எது வேணும்னு நினைக்கிறீங்க?"

"எல்லாம் இருக்கு ஆத்தா. இங்கன எதுக்குக் கொறச்சல்?"

"நான் வந்த வழியில பாலத்துக்குப் பதிலா மரம்தானே கிடந்துச்சு?"

"அது காலார நடக்குறதுக்குப் போட்டது. காரு வர்ற பாதை வீட்டுக்குப் பின்னாடி இருக்கு."

பின்னாடி இருப்பது வாழைத்தோப்பு. சேக் பரீத் உடனே, "ஆமா மேடம், என் லாரி இந்த வாசல்லதான் வந்து நிக்கும்" என்றார். அவர் அதைச் சொல்லும்போது அவருடைய ஆட்கள் தலையில் பெட்டியோடு எறும்பு மாதிரி தடியில் போய்க்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் அதையும் பார்த்தாள், பார்த்துவிட்டு நாங்கள் சொன்னதைத்தான் தட்டிக்கொண்டாள். வறுமை குறைந்திருக்கிறதா என்று கேட்டதற்கு உன் மச்சான், "வறுமைன்னா அது எப்பிடித்தா இருக்கும்?" என்றார். நடிப்பு இவ்வளவு வரும் என்று தெரிந்திருந்தால் வாழ்நாள் முழுக்க இவர் சொன்னதை எல்லாம் நான் நம்பியிருக்க மாட்டேன்.

"நம்ம நாட்டுக்கு வெளிநாட்டு வங்கிங்க கடன் குடுக்குறாங்க, கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"எங்க வம்சத்துல வெளிநாட்டுல கடன் வாங்குனவக யாரும் கெடையாது."

"நீங்க இல்ல பாட்டி, நாடு வாங்குது. அந்த வங்கி மேல உங்களுக்கு எவ்வளவு நம்பிக்கை? பத்துக்கு எத்தனை குடுப்பீங்க?"

அனுசுயாவின் சித்தப்பா ஏதோ பேங்க்கில் வேலை பார்க்கிறார் என்று தரகர் சொல்லியிருந்தார். சம்பந்தி வீட்டு பேங்க்குக்கு மார்க்கைக் குறைக்க முடியுமா. பத்துக்குப் பத்து என்றேன். வங்கி ஏழைகள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறதா, அதற்கும் பத்து. கொடுத்த பணம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேருகிறதா, அதற்கும் பத்து. நம் வாத்தியார் எனக்கு ஒரு நாளும் போடாத மார்க்கை எல்லாம் நான் முகம் தெரியாத வங்கிக்கு அள்ளிப் போட்டேன்.

அவள் டேப்பை மூடினதும் முனீஸ்வரிக்குப் பொறுக்கவில்லை. "அப்ப எங்க பையனப் புடிச்சிருக்கா?" என்று கேட்டுவிட்டாள். "எந்தப் பையன்?" என்றாள் அந்தப் பெண்.

உன் மச்சான் கடித்த முறுக்கைத் தட்டிலேயே திருப்பி வைத்தார். கழுத்து அட்டையைக் காட்டி, நாடுகளுக்குக் கடன் கொடுக்கிற ஒரு வங்கிக்காகவே ஊர் ஊராகக் கருத்துக் கேட்கிறோம், எதற்கு முதலில் பணம் கொடுக்கலாம் என்று வங்கி யோசிப்பதற்கு இதையும் பார்ப்பார்கள் என்று சொன்னாள். மேலே மேலே என்று எல்லாரும் கையைக் காட்டினார்களே, அந்த மேலேயே எங்கள் வாசலுக்கு வந்து உனக்குப் பாலம் வேண்டுமா என்று கேட்டிருக்கிறது, வேண்டாம் என்று சொல்லி முறுக்கும் கொடுத்திருக்கிறேன். எழுதினதை அழித்துவிட்டு மறுபடி எழுது ஆத்தா என்று கெஞ்சினேன். "அனுப்பியாச்சு பாட்டி. ஆனா சாயங்காலத்துக்குள்ள எங்க ஆபீஸ்ல இருந்து இன்னொருத்தங்க சரிபார்க்க வருவாங்க, அவங்ககிட்ட சொல்லுங்க" என்றாள். மறுபடியும் இரண்டு பேர் கையைப் பிடித்துக் கொண்டுபோய் அக்கரையில் விட்டார்கள்.

மத்தியானத்துக்கு மேல் இன்னொரு பெண் வந்தாள். நடு வயசு, கண்ணாடி, பார்டர் வைத்த சேலை. "ஆபீஸ்ல இருந்து வர்றேன், ரெண்டே கேள்விதான்" என்று தொடங்கினாள். மேற்கொண்டு சொல்ல நான் விடவில்லை. கையைப் பிடித்து உட்காரவைத்து எல்லாவற்றையும் கொட்டினேன். பாலம் இல்லை, இருப்பது தென்னந்தடி, அதிலும் ஒன்று உளுத்துப் போனது. தண்ணீர் வருகிற நாள் யாருக்கும் தெரியாது. வீட்டு ஆம்பளை இடுப்பொடிந்து கிடக்கிறார், எழுந்து காட்டுங்கள் என்றேன், அவரும் எழுந்து விழப்போய்க் காட்டினார். இந்த வீட்டுக்கு எந்த மடைச்சி பெண்ணைக் கொடுப்பாள் என்று கேட்டு ஒரு பாட்டம் அழுதேன். அந்த அம்மாள் எல்லாவற்றுக்கும் "அப்படியா, அப்படியா" என்று சொல்லிக் கேட்டுக்கொண்டு, போனில் குறித்துக்கொண்டு, எழுந்து போய்விட்டாள். பாலம் வந்துவிட்டது என்று எனக்கு மனசு நிறைந்தது.

அப்போதுதான் சுகிர்தம் வாயைத் திறந்தாள். "மதினி, அது ஆபீசர் இல்ல. வடுகபட்டி கல்யாண வீட்டுப் பந்தியில எனக்கு எதுத்தாப்புல உக்காந்து சாப்பிட்டாக. பொண்ணோட அத்தை அதுதான்."

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்னடி?"

"நீங்க அழுதுக்கிட்டு இருந்தீகளே, நடுவுல எப்பிடிப் பேச?"

தம்பி, நான் அந்தத் தடியில் ஓடினேன். இந்த வயசில் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஓடினேன். டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்று பார்த்தார்கள். பஸ் நிற்கிற இடத்தில் அந்த அம்மாளை மறித்து, நான் சொன்னது அத்தனையும் பொய், புத்தி சரியில்லாத கிழவி உளறிவிட்டேன், எங்களுக்கு ஒரு குறையும் கிடையாது என்று சொன்னேன்.

"அப்ப அந்தப் பாலம்?" என்று கேட்டாள்.

"அருமையான பாலம். இப்ப அதுலதான ஓடி வந்தேன்."

"குறைன்னு ஒண்ணுமே இல்ல, அப்படித்தானே?"

"ஒண்ணுமே இல்ல தாயி."

போனில் எதையோ தட்டிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டாள். அன்றையிலிருந்து தரகரிடமிருந்து பேச்சு மூச்சு இல்லை. அத்தை நான் முதலில் சொன்னதை நம்பினாளா பிறகு சொன்னதை நம்பினாளா என்று ஒன்றும் புரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால் நீ இந்தக் கடிதம் கண்டதும் அனுசுயா வீட்டுக்குப் போ. என் அக்கா கொஞ்சம் அப்படித்தான், ஆனால் பையன் தங்கம் என்று சொல். பாலத்தைப் பற்றிக் கேட்டால் தைக்குள் வந்துவிடும் என்று சொல், எந்த வருஷத் தை என்று சொல்லாதே. இந்தக் காரியத்தை நீ முடித்துக் கொடுத்தால் பத்திரிகை விஷயத்தைப் பாதி மறந்துவிடுகிறேன். எனக்கு உடம்பெல்லாம் அசந்துபோய்விட்டது, ஓடின கால் இன்னும் வீங்கியிருக்கிறது. உன் பிள்ளைகள் கண்ணுக்கு நிறைவாக வாழட்டும், உன் வெற்றிலைக் கொடிக்கால் வாடாமல் இருக்கட்டும், மாட்டைக் கேட்டதாகச் சொல். உன் பெண்டாட்டி கேட்டால் மட்டும் அவளையும் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
உன்னோடு போனில் பேசாத அக்கா,
பஞ்சம்மாள்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது தேனியிலிருந்து சுரேஷ்கண்ணன் வந்தான். மசாலா மண்டியில் வேலை, சனிக்கிழமைதான் வருவான். இந்தக் கடிதத்தை அவனுக்குப் படித்துக் காட்டினேன். பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டான். அனுசுயாவின் அத்தைக்குப் போன ஞாயிற்றுக்கிழமை மதுரையில் கண் ஆபரேஷனாம், அந்த அம்மாள் எங்கள் ஊர்ப் பக்கமே வரவில்லையாம். உனக்கு எப்படிடா தெரியும் என்றேன். அனுசுயாதான் ஆஸ்பத்திரியில் இருந்துகொண்டு அன்றைக்கு முழுக்க இவனோடு போனில் பேசிக்கொண்டிருந்ததாம். படம் வந்த நாளிலிருந்து பேச்சாம். நான் சந்தைக்குப் போயிருந்த ஒரு நாள் அந்தப் பெண்ணைக் கூட்டி வந்து தடியையும் காட்டியிருக்கிறான், அது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இந்தக் கரைக்கு வந்து, வீட்டை வெளியே நின்று பார்த்துவிட்டு, சம்மதம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறது. அத்தைக்குக் கண் கட்டு அவிழ்த்ததும் தேதி குறிக்க வருகிறார்களாம். பந்தியில் பார்த்த யாரையோ நினைத்துக்கொண்டு சுகிர்தம் ஆள் மாற்றிச் சொல்லியிருக்கிறாள், ஆக வந்த இரண்டு பேரும் வங்கிக்காரிகள்தான். அந்தம்மாள் எழுதிக்கொண்ட பாலத்தை நானே துரத்திப் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். வீட்டுக்கு வருகிற பெண் இனி அந்தத் தடியில்தான் வர வேண்டும், உன் மச்சான் இங்கேயேதான் உட்கார்ந்திருக்க வேண்டும். "ஏலே, அன்னைக்கு இங்கனதானடா உக்காந்திருந்த, ஒரு வார்த்தை சொன்னா என்ன?" என்று கேட்டேன். "என்னைய யாரும் எதுவும் கேக்கலையே அப்பத்தா" என்றான். அதனால் நீ பெண் வீட்டுக்குப் போக வேண்டாம். மேலே எழுதினதை எல்லாம் எழுதாததாக எடுத்துக்கொள். அந்த இரண்டு பெண்களை மன்னித்துவிட்டேன், அவர்கள் கேட்டதற்குத்தானே நாங்கள் சொன்னோம். சுகிர்தத்தை மன்னித்துவிட்டேன், தரகரையும் மன்னித்துவிட்டேன், உன் கொழுந்தியாளைக்கூட மன்னித்துவிட்டேன். சாகிற வரைக்கும் நான் மன்னிக்கப் போவதில்லை என்று இருப்பது ஒரே ஒரு ஆளைத்தான், கல்யாணத்தில் தாலி எடுத்துக் கொடுத்து ஆசீர்வாதம் பண்ணினாலும் மன்னிக்க மாட்டேன், சுரேஷ்கண்ணனை.