பிஸ்கட் டின்னுக்குள் ஒரு உர்ர்ர்

மனைவியின் பிஸ்கட் டின்னைத் தொடக்கூடாது என்று யாயானுக்குத் தெரியும். தெரிந்தேதான் தொட்டான்.

பண்டுங் நகரத்துச் சந்துகளில் பிஸ்கட் டின்னுக்குள் பிஸ்கட் இருக்காது. பெருநாள் பிஸ்கட் தீர்ந்த மறுநாளே அதில் ரெங்கினாங் குடியேறிவிடும். பொரித்த அரிசி வடகம். பிஸ்கட் என்று ஆசையாய்த் திறந்து ஏமாறுகிறவனைப் பார்த்து, "ஊருக்குப் புதுசா?" என்று கேட்பார்கள்.

மனைவி இமாஸின் ரெங்கினாங்கை ஒரு பிளாஸ்டிக் பையில் கொட்டினான். கிட்டார் ஓசையைத் தூக்கிக் கொடுக்க, தானே பலகையில் பொருத்திய ப்ரீஆம்பை டின்னுக்குள் இறக்கினான். சுதந்திர தின மேடையில் சொந்தக் கையால் செய்த ப்ரீஆம்பில் வாசிப்பதாகத் தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. சொதப்பினால் அந்தத் தெருவில் தலைகாட்ட முடியாது.

சுவிட்சைப் போட்டான். கிட்டாரைத் தொடும் முன்பே "உர்ர்ர்" என்றது.

"உன் ஃப்ரிட்ஜுதான் காரணம்," என்றான் இமாஸிடம். அணைத்தான். உர்ர்ர். ரைஸ் குக்கரைப் பிடுங்கினான். உர்ர்ர். தண்ணீர் மோட்டாரையும் நிறுத்தினான். மூன்று நாளாக வீட்டில் ஐஸ் இல்லை, சுடுசோறு இல்லை, குளிக்கத் தண்ணீர் இல்லை. உர்ர்ருக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

"என்னங்க, மிச்சம் நான் ஒருத்திதான். என்னையும் நிறுத்திப் பாத்துருங்களேன்."

அந்த வித்தை தெரிந்திருந்தால் பதினாறு வருடம் முன்பே செய்திருப்பான்.

"கிண்டல் பண்ணாத இமாஸ். இதுக்குள்ள இருக்குற டிரான்ஸ்ஃபார்மர்லேருந்தும் காந்தம் கசியுது. பக்கத்துல போற ஒயரு அதைப் புடிச்சுக்குது. சொன்னா உனக்குப் புரியாது."

"நான் நிறுத்திட்டா டின்னைத் தருவீங்களா? என் ரெங்கினாங் எல்லாம் நமுத்துப் போச்சு."

"நிறுத்து பாப்போம்! டின் என்ன, ஆயுசுக்கும் உன் பேச்சைக் கேக்குறேன்."

"அதைத்தான் இப்பவே கேக்குறீங்களே. டின்னு போதும்."

டிரான்ஸ்ஃபார்மரைப் பலகையோடு பிடித்திருந்த திருகுகளைத் தளர்த்தினாள். மரக்கரண்டியால் அதை மெல்லத் திருப்பினாள். உர்ர்ர் முனகலானது. கால்வட்டம் திரும்பியதும் மூச்சே இல்லை.

யாயானுக்கும் மூச்சு இல்லை. "எப்படிடீ?"

"நீங்க குறட்டை விட்டா என்ன பண்றேன்? எழுப்பியா சண்டை போடுறேன்? அந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வைக்கிறேன். அவ்வளவுதான்."

"சரி, சரி. டின்னு... மேடை முடிஞ்சதும் தர்றேனே?"

"சரிங்க."

இமாஸ் உடனே சரி என்றால் பயப்பட வேண்டும். அன்று பார்த்து அது அவன் நினைவுக்கு வரவில்லை.

விழா மாலையில் அவளே டின்னைச் சிவப்பு வெள்ளைத் துணியில் கட்டிக் கொடுத்தாள். தூக்கினால் பஞ்சாய் இருந்தது. உர்ர்ர் போனதும் பாரமும் போயிற்று போலும் என்று நினைத்துக்கொண்டான்.

மேடையேறி மைக்கைப் பிடித்தான். "மூணு நாள் ராப்பகலா ஆராய்ச்சி பண்ணி, அந்த இரைச்சலை நானே, தனியாளா ஒழிச்சேன்!"

கைதட்டல். துணியை அவிழ்த்து மூடியைத் திறந்தான்.

புதிதாய்ப் பொரித்த ரெங்கினாங், மொறுமொறுவென்று, டின் நிறைய.

முன்வரிசையில் இமாஸ் எழுந்து நின்றாள். கையில் சோற்றுக் குண்டான். அதற்குள் பலகையோடு ப்ரீஆம்ப்.

"இங்க பத்திரமா இருக்குங்க. திருப்பி வச்சது திருப்பி வச்சபடியே இருக்கு."

தெருவே ஒரே குரலில் கேட்டது: "என்ன யாயான், ஊருக்குப் புதுசா?"