குழாய் உடைப்பு – அவசரப் பணி

கார்க் கண்ணாடியை யாரோ தட்டினார்கள். குமாஸ்தா இருக்கைக்குள் பதுங்கினார்.

பதுங்காமல் என்ன செய்வார்? அவர் காரை விட்டிருந்தது 'வண்டி நிறுத்தாதீர்' பலகைக்கு நேர் கீழே. கண்ணாடிக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்ததோ 'மாநகராட்சி – குடிநீர்க் குழாய் உடைப்பு – அவசரப் பணி' என்ற அட்டை. குமாஸ்தாவுக்கும் குழாய்க்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. அவர் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவு. அட்டை, குழாய்ப் பிரிவு நண்பர் இரவல் கொடுத்தது. தட்டச்சர் முதல் தோட்டக்காரர் வரை அந்த அலுவலகத்தில் ஆளுக்கு ஒரு அவசரப் பணி வைத்திருந்தார்கள்.

ஆனால் அன்று காலைதான் சுற்றறிக்கை வந்திருந்தது. அட்டை மோசடியைப் பிடிக்கப் பறக்கும் படையாம். மாட்டினால் சஸ்பெண்ட். பதினெட்டு வருஷம் காத்திருந்த கண்காணிப்பாளர் நாற்காலி அடுத்த மாசம் அவருக்கு வரவேண்டியது. அதெல்லாம் கடைவாய்ப் பல்லுக்குப் புரிந்தால்தானே? கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. பல் டாக்டர் வாசலிலேயே நிறுத்தி, பிடுங்கிக்கொண்டு ஓடிவிடலாம் என்று வந்திருந்தார்.

கண்ணாடியை இறக்கினார். வெளியே ஓர் அம்மாள் நின்றார். பல் டாக்டருக்குப் பக்கத்து வீட்டு ரிட்டயர்டு டீச்சர்.

"வந்துட்டீங்களா தம்பி! மூணு வாரமா சொட்டுத் தண்ணி இல்ல. குழாய் உடைஞ்சிருக்குன்னு நாப்பது தடவை போன் பண்ணியாச்சு. அதைப் பாக்கத்தானே வந்தீங்க?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். பல் சுரீர் என்றது.

"ம்ம்ம்!" என்றார்.

தமிழில் 'ம்' என்றால் சம்மதம். முடிந்தது கதை.

"எல்லாரும் வாங்க! ஆபீசர் வந்துட்டாரு!"

நிமிஷத்தில் தெருவே கூடிவிட்டது. பல் டாக்டரின் கம்பவுண்டர்கூட வாசலுக்கு வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உண்மையைச் சொன்னால் டீச்சரம்மா நாற்பத்தோராவது போனைப் பறக்கும் படைக்குப் போடுவார். எப்படியாவது நழுவ வேண்டும்.

"ரோட்டைத் தோண்டணும்மா. அதுக்கு ஆளு வேணும், கடப்பாரை வேணும். நான் போய்க் கூட்டிட்டு வரேன்" என்று கன்னத்தைப் பிடித்தபடி குழறினார்.

"எதுக்கு அலைச்சல்? எதிர்வீட்டுல கட்டட வேலை நடக்குது. ஏம்பா, கடப்பாரையோட ரெண்டு பேர் வாங்க!"

வந்தார்கள். "எங்க சார் தோண்டணும்?"

எங்கே என்று அவருக்கென்ன தெரியும்? அந்த நேரம் பார்த்துப் பல் காதுவரை வெட்டி இழுத்தது. வலி தாங்காமல் காலை ஓங்கித் தரையில் உதைத்தார்.

"அங்கதானா?"

"ம்ம்ம்ம்!"

"பார்த்தீங்களா, அனுபவம் பேசுது!" என்று டீச்சர் மெச்சினார்.

இரண்டடி ஆழம்கூடப் போகவில்லை. கடப்பாரை எதிலோ 'ணங்' என்றது. ஆள் உயரத்துக்குத் தண்ணீர் பீச்சி அடித்தது. தெருவே கைதட்டியது. குமாஸ்தா மட்டும் விரல் விட்டு எண்ணினார். பொய் அட்டை ஒரு குற்றம். ரோட்டைத் தோண்டியது இரண்டு. நகரத்துக் குழாயை உடைத்தது மூன்று!

காருக்குப் பின்னால் பதுங்கி நண்பருக்குப் போன் போட்டார்.

"டேய், தண்ணி பீச்சுது. எப்படிடா நிறுத்துறது?"

"அடப்பாவி, பல்லைத்தானே பிடுங்கப் போன? தெருமுனையில இரும்பு மூடி இருக்கும். திறந்து, உள்ள இருக்குற வால்வை மூடு. அப்புறம் உடைஞ்ச இடத்துல சைக்கிள் ட்யூபை இறுக்கிச் சுத்திக் கட்டு. முக்கியமா, என் பேரை எங்கயும் சொல்லிடாத!"

வால்வை மூடியாயிற்று. யாரோ பழைய சைக்கிள் ட்யூபும் கொண்டுவந்து கொடுத்தார்கள். பள்ளத்தில் இறங்கக் கடப்பாரைக்காரர்கள் மறுத்துவிட்டார்கள். "தோண்டச் சொன்னா தோண்டுவோம். குழாயில கை வெச்சா உங்க ஆபீஸ் எங்க மேல கேஸ் போடும் சார்."

வேறு வழி? சலவை மடிப்புக் கலையாத பேண்ட்டோடு குமாஸ்தா இறங்கினார். முழங்கால் சேற்றில் நின்று தடவிப் பார்த்தால், கடப்பாரை பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே குழாய் ஏற்கெனவே துருப்பிடித்து வாய் பிளந்து கிடந்தது. குருட்டுப் பூனை விட்டத்தில் பாய்ந்த கதைதான். இரண்டையும் சேர்த்துச் சுற்றிக் கட்டி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது, தலைக்கு மேலே ஒரு ஜீப் வந்து நின்றது.

பறக்கும் படை.

அதிகாரி அட்டையைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். பள்ளத்தை எட்டிப் பார்த்தார்.

"இந்த அட்டை யாரோடது? நீங்க எந்தப் பிரிவு?"

'பிறப்பு இறப்பு' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதற்குள் டீச்சர் பாய்ந்தார்.

"முழங்கால் சேத்துல நிக்கிறவரைப் பார்த்துக் கேக்குற கேள்வியா இது? வேற பிரிவு ஆளா வந்து இந்தப் பள்ளத்துல இறங்குவாரு?"

அதிகாரி தொப்பியைக் கழற்றினார். "மன்னிச்சுக்குங்க சார். காலையில இருந்து முப்பத்தேழு அட்டை பிடிச்சேன். முப்பத்தேழும் பொய். நிஜமாவே வேலை செய்ற முதல் ஆளு நீங்கதான்!"

கைகொடுத்து அவரைத் தூக்கிவிட்டுவிட்டு, ஜீப் போயே போய்விட்டது. குமாஸ்தாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வால்வைத் திறந்ததும் வீட்டுக்கு வீடு குழாயில் தண்ணீர் கொட்டியது. 'நல்லா இருப்பீங்க' என்று ஆளாளுக்கு வாழ்த்தினார்கள். பதினெட்டு வருஷ உத்தியோகத்தில் அவரை ஒருத்தரும் வாழ்த்தியதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார், பல் வலி என்று நினைத்துக்கொள்ளட்டும்.

பிறகு பல்லும் போயிற்று. வாயில் பஞ்சை அடைத்துக்கொண்டு, அப்பாடா என்று வெளியே வந்தார். கம்பவுண்டர் அடுத்த தேதியைச் சீட்டில் எழுதி நீட்டினார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"செவ்வாய்க்கிழமை தையல் பிரிக்கணும் சார். போன மாசம் 'மின்பழுது அவசரம்'னு அட்டை மாட்டிக்கிட்டுப் பல் கட்ட வந்தாரே உங்க ஆபீஸ் நூலகர், அவரை விட்டுத் தெருவிளக்கை எரிய வெச்சாச்சு. இன்னிக்கு உங்க புண்ணியத்துல தண்ணியும் வந்துடுச்சு. இனி ரோடு ஒண்ணுதான் பாக்கி. செவ்வாய்க்கிழமை வரும்போது 'சாலைப் பணி'ன்னு ஒரு அட்டை மாட்டிக்கிட்டு வரச் சொன்னாங்க டீச்சரம்மா."