கேள்வி கேட்க நான்கு பேர், ஊசி போட ஆளில்லை

செரண்டா,
14.8.1986

மச்சான் சேதுவுக்கு,

உன் அத்தான் தேவதாஸ் எழுதுவது. உன் வீட்டில் எல்லாரும் சுகமாக இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன். இது மரியாதைக்காக எழுதியது. உன்மேல் இருக்கிற கோபத்துக்கு மூன்று தாள் போதாது.

மார்ச்சில் கெர்லிங் பக்கத்துத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலையிலிருந்து ஓய்வு பெற்று இங்கே குடிவந்தோம். அடுத்த மாதமே உன் அக்காள் அன்னம்மா சாப்பிடுவதை நிறுத்தினாள், தூங்குவதை நிறுத்தினாள், என்னோடு பேசுவதையும் நிறுத்தினாள். நான்கு மாதத்தில் ஒன்பது கிலோ இறங்கிவிட்டாள். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாள். நான் என்ன குறை வைத்தேன்? ஆபீசே கதி என்று கிடந்தவன், இப்போது அவள் அரிசி களையும்போதுகூடப் பக்கத்தில் நின்று தண்ணீர் அளவைத் திருத்துகிறேன். எந்தப் புருஷன் செய்வான்?

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க அத்தான்" என்று போனில் சொன்னவன் நீ. போனேன். தோட்டத்தில் வைத்தியம் பார்க்க டிரெசர் சன்னாசி ஒருவர்தான். காய்ச்சலோ, பிரசவமோ, பாம்புக்கடியோ, ஊசியைப் போட்டு அனுப்பிவிடுவார். இங்கே மனநல டாக்டர் அரை மணி நேரம் கேள்வி கேட்டு மாத்திரை எழுதி, "வேலை செய்ய ரெண்டு மூணு வாரம் ஆகும், பொறுங்க" என்றார். ஊசி கிடையாதாம். அவர் ஒரு சைக்காலஜிஸ்டிடம் அனுப்பினார். கதவில் டாக்டர் என்றுதான் போட்டிருக்கிறது, மருந்து கேட்டால், "அது ஆராய்ச்சி பண்ணி வாங்குன பட்டம் சார். மருந்து எழுத மாட்டேன், சோதிச்சுத்தான் பார்ப்பேன்" என்று இருநூறு கேள்வி உள்ள பாரத்தை நீட்டினார். தோட்டம் முழுவதற்கும் பாரம் நிரப்பிக் கொடுத்தவன் நான். அன்னம்மாவுக்கு எதற்குச் சிரமம் என்று நானே மளமளவென்று நிரப்பினேன். எதிர்த்துப் பேசினால் கோபம் வருமா? ஆம். மற்றவர் வேலையில் குறை காண்பீர்களா? ஆம். அதைப் படித்துவிட்டு அந்த மனிதர், "சார், இது உங்களப் பத்தித்தானே?" என்கிறார்! புதுப் பாரத்தை எடுத்து அவளிடம் கொடுத்து, என்னை வெளியே போகச் சொன்னார். எனக்கு எப்படி இருக்கும்?

அடுத்து வெல்ஃபேர் அதிகாரி ஒரு பெண், வீட்டுக்கே வந்துவிட்டார். "வீட்ல முடிவெடுக்குறது யாரும்மா?" என்று அன்னம்மாவைக் கேட்டார். நான்தான் பதில் சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டார். பக்கத்து வீட்டுச் சந்திரிகா வேலிமேல் எட்டிப் பார்த்து, "தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கா கூட்டிட்டுப் போறாங்க?" என்று கேட்கிறாள்.

நேற்று கவுன்சலர் திலகம். அவரும் என்னை வெளியே உட்காரச் சொன்னார். "நீங்களாவது மருந்து தருவீங்களா?" என்றேன். "மருந்து டாக்டரோட வேலை சார். சோதனை சைக்காலஜிஸ்ட் வேலை. வீட்டு நிலவரம் வெல்ஃபேர் அம்மா பார்ப்பாங்க. நான் இவங்க பேசறத கேப்பேன்லா" என்றார். காதைக் கொடுப்பதற்கு அரசாங்கச் சம்பளம்! ஒரு மணி நேரம் காத்திருந்தேன். என்னிடம் வாய் திறக்காத அன்னம்மா உள்ளே பேசுகிறாள், அழுகிறாள், கடைசியில் சிரிக்கவும் சிரிக்கிறாள்! முன்பின் தெரியாதவரிடம் பேச அவ்வளவு இருக்கிறது, கட்டினவனிடம் ஒன்றுமில்லையா? அவமானமாக இருக்கிறது சேது. பயமாகவும் இருக்கிறது.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை வந்து, அக்காளுக்குப் புத்தி சொல்லி இந்த அலைச்சலை நிறுத்து. இல்லாவிட்டால் உன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போ.

பிள்ளைகளுக்கு என் ஆசி. உனக்கு இப்போதைக்கு இல்லை.

இப்படிக்கு,
கோபம் தணியாத அத்தான்
தேவதாஸ்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன், என் பக்கத்து நியாயம் புரியட்டும் என்று இதை அன்னம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "எல்லாம் எழுதியிருக்கீங்க. எனக்கு என்ன செய்யுதுன்னு எங்கயுமே எழுதலியே" என்றாள். தெரிந்தால்தானே எழுத. "என்ன செய்யுது?" என்று கேட்டேன். சொன்னாள். மூன்று தடவை குறுக்கே பேச வாயெடுத்து மூடிக்கொண்டேன். அவள் சொன்னதை உனக்கு எழுத மாட்டேன். நீ வர வேண்டாம். அடுத்த புதன்கிழமையும் கவுன்சலரிடம் போகிறோம். கேள்வி கேட்டுவிட்டு நான் பதிலுக்குக் காத்திருந்தது, கல்யாணமான நாளிலிருந்து இதுதான் முதல் தடவையாம். இல்லையென்று சொல்ல எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை.